உறைக்குள் ஒளிந்த வாள்

கடிதங்கள் தீட்டினர். காதல் மடல்களல்ல; கட்சித் தலைவரைக் கவிழ்க்கும் மடல்கள். தீட்டியவர்களோ பாமரரல்லர்; பாராளுமன்ற உறுப்பினர்கள்! பல்லாயிரம் மக்களின் வாக்குப் பெற்று வந்தவர்கள், மேடையேறினால் இடியென முழங்கக் கூடியவர்கள். ஆயினும் மடலை உறையிலிட்டு, ஒட்டி, ஒரே ஒரு மனிதரிடம் ஒப்படைத்துவிட்டு, அவரைத் தவிர வேறெவரும் தம் பெயரை அறியமாட்டார் என்ற துணிவிலே உலவினர். உறை என்பது கடிதத்துக்கும் உண்டு, வாளுக்கும் உண்டு தமிழில். இங்கே இரண்டும் ஒன்றாகிவிட்ட விந்தையைக் காண்கிறோம்.

பிரிட்டனை அந்நாளில் ஆண்ட கன்சர்வேடிவ் கட்சி, தன் தலைவரும் நாட்டின் பிரதமருமான தெரேசா மே அம்மையாரைப் பதவியிலிருந்து இறக்க 2018 டிசம்பரில் ஆடிய ஆட்டத்தைத்தான் சொல்லுகிறோம். எங்கோ நடந்தது நமக்கென்ன என்பாருண்டு. பாராளுமன்றங்களின் அன்னை என்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு நாம் பாடம் சொல்லும் மன்றமன்றோ அது! அன்னையின் இல்லத்திலே நடப்பதென்ன என்று எட்டிப் பார்ப்பதில் பிழையில்லை.

2016 ஜூன் 23 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு வெளியேறுவதா இருப்பதா என்று பிரிட்டிஷ் மக்களிடம் கேட்டனர். வெளியேறுக என்றோர் நூற்றுக்கு 52 பேர். இருப்போம் என்றோர் 48 பேர். வெளியேறுவது என்பது ஒரே ஒரு சொல். ஆனால் அந்தச் சொல் வட அயர்லாந்தின் எல்லையிலே வந்து நின்றபோது முள்ளாயிற்று. அயர்லாந்துக் குடியரசு ஒன்றியத்தில் இருக்கிறது. வட அயர்லாந்து பிரிட்டனோடு வெளியேறுகிறது. நடுவே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் எல்லை. சுங்கச் சாவடியும் சோதனையும் அங்கே முளைத்தால் என்னாகும்? மூன்றாயிரத்து ஐந்நூறு உயிர்களைக் குடித்த முப்பதாண்டுப் பூசலை 1998ஆம் ஆண்டு உடன்படிக்கை தணித்து வைத்திருந்தது. அந்தச் சாம்பலைக் கிளற எவருக்குத்தான் துணிவு வரும்?

ஆகவே அம்மையார் கொண்டுவந்த 585 பக்க ஒப்பந்தத்திலே ஒரு காப்பு ஏற்பாடு இடம்பெற்றது. வேறு வழி காணும்வரை பிரிட்டன் முழுவதும் ஐரோப்பாவுடன் ஒரே சுங்க வளையத்தில் இருக்கும் என்பது அதன் சாரம். பிரிட்டன் தன் விருப்பப்படி அதிலிருந்து விலகிக்கொள்ள இயலாது. கிளர்ச்சிக்காரர் கொதித்தது இங்கேதான். வெளியேறுகிறோம் என்று சொல்லி வாசலிலேயே கட்டிப்போடுகிறாயே என்றனர்.

இந்தக் கேள்வி நேர்மையான கேள்வி. அதை நாம் மறுக்கவில்லை. அம்மையார் குற்றமற்றவரும் அல்லர். 2017இல் தேவையற்ற தேர்தலை நடத்திப் பெரும்பான்மையைப் பறிகொடுத்தார்; வட அயர்லாந்தின் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சியினர் பத்துப் பேரின் தோளிலே சாய்ந்து ஆண்டார். ஒப்பந்தத்தைப் பற்றி அரசின் தலைமை வழக்கறிஞர் தந்த சட்டக் கருத்தை மன்றத்திடமிருந்து மறைத்தார். மறைத்ததற்காக 2018 டிசம்பர் 4 அன்று அவருடைய அரசு மன்ற அவமதிப்புக் குற்றத்துக்கு ஆளானது. மறுநாள் வெளிவந்த அந்தக் கருத்து, கிளர்ச்சிக்காரரின் அச்சம் வெறும் கற்பனையன்று என்று காட்டிற்று. 11ஆம் நாள் நடக்கவேண்டிய வாக்கெடுப்பையோ, தோல்வி உறுதி என்று கண்டதும் முதல்நாளே தள்ளிப் போட்டார். இத்தனைக்கும் அவரைக் கேள்வி கேட்க வேண்டியதுதான். இடித்துரைப்போரைத் துணையாகக் கொள் என்று வள்ளுவர் ஆள்வோருக்குச் சொன்னதை அறிந்தவர்கள் நாம். எதிர்ப்பே கூடாது என்று வாதாட வரவில்லை.

ஆனால் எப்படி எதிர்த்தனர்? அக்கட்சியில் 1922 குழு என்றொரு குழு உண்டு. அந்நாளைய விதிப்படி உறுப்பினர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேர், அதாவது 48 பேர், அதன் தலைவருக்கு மடல் அனுப்பினால் நம்பிக்கை வாக்கெடுப்பு நடத்தியாக வேண்டியிருந்தது. எத்தனை வந்தன, எவர் அனுப்பினார் என்பது அன்று அதன் தலைவராயிருந்த கிரஹாம் பிராடி என்ற ஒருவருக்கே தெரிந்திருந்தது. ஜேக்கப் ரீஸ்-மாக் போன்ற சிலர் தம் மடலை ஊரறிய வெளியிட்டனர். அந்த அளவுக்கு அவர்களைப் பாராட்டுவோம். மற்றவர்கள்? இந்தக் குழுவின் கூட்டத்துக்கு வரும்போது அம்மையார் தம் தூக்குக் கயிற்றையும் தாமே கொண்டுவரட்டும் என்று ஏட்டிலே சொல்லிய ஒருவரும் அவர்களிடையே இருந்தார். அவர் பெயர் என்ன? ஏடு சொல்லவில்லை, அவரும் சொல்லவில்லை. மார்பிலே ஏற்ற புண்ணைப் புகழ்ந்தும் முதுகுப் புண்ணுக்கு நாணியும் வாழ்ந்த புறநானூற்று மரபிலே வந்தவர்கள் நாம். முகமும் காட்டாமல் முதுகும் காட்டாமல் கயிற்றை மட்டும் காட்டும் வீரத்துக்கு என்ன பெயரிடுவது?

இரகசிய வாக்கு ஜனநாயகத்தின் உயிரல்லவா என்று கேட்பர். ஆம், வாக்காளனுக்கு! பண்ணையாரின் பகைக்கும் முதலாளியின் சினத்துக்கும் அஞ்சவேண்டிய எளியவனைக் காப்பதற்காகப் போராடிப் பெற்ற திரை அது. அந்த எளியவன் தன் வாக்கைக் கொடுத்து அனுப்பி வைத்த பிரதிநிதி, அதே திரைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ள என்ன உரிமை பெற்றான்? என் சார்பில் நீ என்ன செய்தாய் என்று தொகுதி மக்கள் கேட்டால் காட்டுவதற்கு அவனிடம் என்ன இருக்கிறது? கட்சித் தலைவரை மாற்றுவது கட்சிக்குள் நடக்கும் காரியமென்றால், அத்தலைவர் நாட்டின் பிரதமருமாக இருக்கும்போது அது நாட்டுக் காரியமுமாகிறதே!

1846ஆம் ஆண்டை நினைக்கிறோம். தானிய இறக்குமதி வரியை ஒழிக்க முனைந்த பிரதமர் ராபர்ட் பீலை, இதே கட்சியின் டிஸ்ரேலி எதிர்த்தார். மன்றத்திலே எழுந்து, பீலின் முகம் பார்த்து, பெயர் சொல்லி, சொல்லம்பு தொடுத்தார். கட்சி இரண்டாயிற்று; பீல் வீழ்ந்தார். டிஸ்ரேலியின் கொள்கை சரியென்று நாம் சொல்லவில்லை. ஏழையின் ரொட்டிக்கு விலையேற்றும் வரியைக் காக்க நின்றவர் அவர். ஆறாண்டுக்குப் பின் தாமே அதைக் கைகழுவியவர். ஆயினும் அடித்தவர் யாரென்று அடிபட்டவருக்குத் தெரிந்தது, ஊருக்கும் தெரிந்தது.

2018 டிசம்பர் 12 அன்று மாலை ஆறு மணி முதல் எட்டு மணிவரை வாக்களித்தனர். அடுத்த பொதுத்தேர்தலுக்குத் தலைமை ஏற்கமாட்டேன் என்று உறுதியளித்து அம்மையார் தப்பினார். ஆதரவு 200, எதிர்ப்பு 117. ஓராண்டுக்கு மறுபடி தொடக்கூடாது என்பது விதி. உறைவாள் மழுங்கிற்று.

இனிமேல்தான் வேடிக்கை! 2019 சனவரி 15 அன்று ஒப்பந்தம் மன்றத்துக்கு வந்தது. 202 பேர் ஆதரிக்க, 432 பேர் எதிர்த்தனர். 230 வாக்குத் தோல்வி. அந்த மன்றத்தின் வரலாற்றிலே எந்த அரசும் காணாத தோல்வி. அம்மையாரின் கட்சியினரே 118 பேர் எதிர்த்து நின்றனர். மறுநாள் எதிர்க்கட்சி அரசின்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்தது. ஒரு மாதத்துக்கு முன் அம்மையார் ஆகாதென்று இரகசியமாய்த் தீர்ப்பளித்த அந்த 117 பேர் என்ன செய்தனர்? கன்சர்வேடிவ் உறுப்பினர் ஒருவர்கூட எதிர்த்து வாக்களிக்கவில்லை! 325க்கு 306 என்று அரசு பிழைத்தது. கட்சிக்குத் தலைமை தாங்கத் தகுதியில்லாதவர் நாட்டுக்குத் தலைமை தாங்கத் தகுதியுடையவரோ? இருட்டறையிலே ஒரு மனச்சான்று, வெளிச்சத்திலே ஒரு மனச்சான்றா? பகலில் எதிர்த்தால் தேர்தல் வரும். தேர்தல் வந்தால் நாற்காலி ஆடும். காரணம் வேறொன்றுமில்லை.

மார்ச்சு 27 அன்று, ஒப்பந்தத்தை நிறைவேற்றினால் பதவி விலகுகிறேன் என்று அம்மையாரே பேரம் பேசினார். உடனே மனங்கள் மாறின. நாட்டை அடிமையாக்கும் என்று எதை முந்தைய நாள்வரை இகழ்ந்தனரோ, அதற்கு 29ஆம் நாள் போரிஸ் ஜான்சனும் ரீஸ்-மாக்கும் ஆதரவாய் வாக்களித்தனர்! ஒப்பந்தத்தில் ஓர் எழுத்து மாறிற்றா? இல்லை. பிரதமர் நாற்காலி காலியாகும் என்ற நறுமணம் மட்டுமே புதிதாய் வீசியது. அப்போதும் கன்சர்வேடிவ் உறுப்பினர் 34 பேர் அசையவில்லை. ஒப்பந்தம் மூன்றாம் முறையும் தோற்றது. அசையாதவர்களோடு நமக்குக் கருத்து வேறுபாடு மலையளவு உண்டு. மதிப்பும் ஓரளவு உண்டு. மே 24 அன்று அம்மையார் கண்கலங்க விடைபெறும் செய்தியை அறிவித்தார்.

ஜான்சன் வந்தார். புதிய ஒப்பந்தம் வந்தது. அதிலிருந்தது என்ன? பிரிட்டன் முழுவதற்குமான சுங்க வளையம் போயிற்று. வட அயர்லாந்து மட்டும் சரக்குகளுக்கு ஐரோப்பிய விதிகளின் பிடியில் நின்றது. சோதனைகள் நிலத்து எல்லையிலிருந்து அயர்லாந்துக் கடலுக்குப் பெயர்ந்தன. பிரிட்டனுக்கும் அதன் சொந்த மாநிலத்துக்கும் நடுவிலே! இதே ஜான்சன், 2018 நவம்பரில், பெல்ஃபாஸ்ட் நகரில், யூனியனிஸ்ட் கட்சியின் மாநாட்டு மேடையில் நின்று, எந்தக் கன்சர்வேடிவ் அரசும் அப்படிப்பட்ட ஏற்பாட்டுக்குக் கையெழுத்திடாது, இடவும் கூடாது என்று முழங்கியவர். கைதட்டிய யூனியனிஸ்டுகள் கைபிசைந்து நின்றனர். காப்பு ஏற்பாடு துரோகம் என்ற கட்சியினரில் ஒருவர்கூட இந்த ஒப்பந்தத்தை 2019 அக்டோபர் வாக்கெடுப்பில் எதிர்க்கவில்லை.

அந்த ஜான்சனுக்கும் 2022 ஜூனில் உறைகள் வந்தன என்பதையும், 148 பேர் அவரை வேண்டாமென்றதையும், அடுத்த மாதமே அவர் விலக நேர்ந்ததையும் இங்கே விரித்துரைக்கத் தேவையில்லை.

விலை கொடுத்தவர் யார் என்பதைச் சொல்லவேண்டும். கடலிலே முளைத்த அந்த எல்லையை எதிர்த்து, 2022 பிப்ரவரியில் யூனியனிஸ்டுகள் வட அயர்லாந்தின் கூட்டு ஆட்சியிலிருந்து வெளியேறினர். இரண்டாண்டுக் காலம் அங்கே முறையான அமைச்சரவை இல்லை. ஊதிய உயர்வை முடிவு செய்ய ஆளில்லை. 2024 சனவரி 18 அன்று ஆசிரியரும், செவிலியரும், பேருந்து ஓட்டுநரும், சாலைப் பணியாளருமாக ஒன்றரை இலட்சம் அளவினர் வேலைநிறுத்தம் செய்து, உறைபனிக் குளிரிலே பெல்ஃபாஸ்டின் தெருக்களில் நடந்தனர். பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. அவர்கள் முகத்தை மூடிக்கொண்டு வரவில்லை. தம் சங்கத்தின் பெயரைக் கொடியில் எழுதிப் பிடித்துக்கொண்டு வந்தனர்.