வகுப்பறையிற் புதிய ஏடு

“பண்டிதருக்கும் ‘ரப்’புக்கும் என்ன தொடர்பு?” என்று சென்ற கிழமை நண்பர் ஒருவர் என்னைப் பார்த்து நகைத்தார். அவர் நகைத்ததிற் பிழையில்லை. யான் கற்பிப்பது பிராசீனக் கல்லூரி ஒன்றில். நன்னூலும் கம்பராமாயணமும் கந்தபுராணமும் ஓதப்படும் இடத்தில், விரல் பட்டவுடன் ஒளிரும் கண்ணாடிப் பலகைக்கு என்ன வேலை என்று யானும் ஒரு காலத்திற் கேட்டவனே.

மூன்றாண்டுகளுக்கு முன்னர், கடல்கடந்து வாழும் பழைய மாணாக்கர் சிலர் மனமுவந்து இருபது கைக்கணினிகளை எம் கல்லூரிக்கு அனுப்பினர். பிள்ளைகள் ‘ரப்’ என்று வழங்குவது இக்கருவியையே. அவை வேண்டாமென்று ஆசிரியர் கூட்டத்தில் உரத்துக் கூறியவன் யான். அதிபர் அவர்கள் புன்முறுவல் செய்து, “ஐயா, பயப்பிடுகிறவரிட்டைக் குடுத்தாத்தான் சாமான் பத்திரமாயிருக்கும். பொறுப்பை நீங்களே எடுங்கோ” என்றார். அன்று தொடக்கம் அலுமாரித் திறப்பு என்னிடத்தில் இருக்கிறது.

கைக்கணினியை வகுப்பிலே அநுமதிப்பதா, விலக்குவதா என்று நம்மவர் வாதிடுகின்றனர். இம்மூன்றாண்டு அநுபவத்தின் பின் அவ்வாதம் எனக்குப் பயனற்றதாகத் தோன்றுகிறது. எப்போது திறப்பது, எப்போது மூடுவது என்பதை ஆசிரியர் வரையறுத்து, அவ்வரையறையை எல்லோரும் அறியச் செய்தல் வேண்டும். அஃதில்லாவிடத்து மாணாக்கரின் கவனம் சிதறும். அதனினும் பெரிய கேடு ஒன்றுண்டு: ஆசிரியர் மாணாக்கர்மேல் வைத்த நம்பிக்கை அழியும். இதனை யான் என் தவற்றினாலேயே கற்றேன்.

யான் இழைத்த தவறு

முதல் மாதத்தில் யான் விதியொன்றும் வகுக்கவில்லை. பாடவேளை தொடங்கும்போது கருவிகளைப் பகிர்ந்தளிப்பேன். முடியும்போது எண்ணி வாங்குவேன். இடையில் நிகழ்வது அவரவர் நல்லறிவைப் பொறுத்தது என்றிருந்தேன்.

ஒரு நாள் கம்பராமாயணப் பாடம். ‘ஆழி’ என்னும் ஒரு சொல்லே கடலுக்கும் சக்கரத்துக்கும் மோதிரத்துக்கும் பெயராய் வருமென்று கூறி, அடுத்த செய்யுளுக்குப் போய்விட்டேன். முன்வரிசையிலிருந்த மாணாக்கி ஒருத்தி தலைநிமிரவில்லை. அவள் விரல் கண்ணாடிமேல் ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பிற் கருத்தூன்றிக் கேட்பவள் அவள். ‘அவளுமா!’ என்ற எண்ணமே என் சினத்தை மிகுவித்தது. எல்லோருங் காண அவளை எழுப்பி, ஆசிரியன் வாயிலிருந்து வரத்தகாத சில சொற்களைச் சொன்னேன். அவள் வாதாடவில்லை, கருவியை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். சென்னைப் பல்கலைக்கழகத்துத் தமிழ்ப் பேரகராதியின் பக்கம் அதிலே விரிந்திருந்தது. “ஐயா, ஆழி எண்டதுக்கு வேறை என்ன கருத்து இருக்கெண்டு பார்த்தனான்” என்றாள்.

பாடவேளை முடிந்து கருவிகளை வாங்கும்போது மற்றொன்று தெரியவந்தது. பின்வரிசையிலிருந்து என் முகத்தையே பக்தியோடு நோக்கி, இடையிடையே தலையும் அசைத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவனின் கருவியிற் கிரிக்கெற் போட்டியொன்றின் ஓட்டக்கணக்குத் திறந்தபடியே கிடந்தது.

மறுநாள் அம்மாணாக்கியிடம் வகுப்பின் முன்னிலையிலேயே வருத்தந் தெரிவித்தேன். எனினும் அதன்பின் இரண்டு மாதகாலம் அவள் கைக்கணினியைத் தொடவேயில்லை. “எனக்கு வேண்டாம் ஐயா, ஆரும் பிழையா நினைப்பினம்” என்று ஒதுக்கிவிடுவாள்.

அச்சுநூலைக் கையில் வைத்திருப்பவன் எவ்விடத்தில் நிற்கிறான் என்பதை ஆசிரியன் அவன் கண்ணோட்டத்தைக் கொண்டே அறிவான். கைக்கணினியோ அகராதியையும் ஆட்டக்களத்தையும் ஒரே சட்டத்தினுள் அடைத்துத் தருகிறது. கற்பவனும் களிப்பவனும் ஒரே கோலத்திற் காணப்படுவர். அந்நிலையில் ஆசிரியன் ஒன்றில் எல்லோரையும் ஐயுறுவான். அல்லது எவரையும் கவனியாது விட்டுவிடுவான். இரண்டும் வகுப்பைக் கெடுக்கும். விதியென்பது குற்றஞ் செய்பவனைப் பிடிப்பதற்கு என்றே அதுவரை எண்ணியிருந்தேன். குற்றமற்றவளைப் பழியினின்று காப்பதற்கும் அது வேண்டுமென்று அன்று உணர்ந்தேன்.

விலக்கினால் தீருமா?

அவ்வாறாயின், அலுமாரியைப் பூட்டித் திறப்பைக் கிணற்றில் எறிந்துவிடலாமே என்பாருளர். எமது மரபு அதற்கு இடந்தரவில்லை. 1848ஆம் ஆண்டு வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவிய ஆறுமுக நாவலர், அடுத்த ஆண்டே அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுச் சென்னைக்குச் சென்றார். ஏட்டுச்சுவடியில் ஓதிய பரம்பரையில் வந்தவர் அவர். அச்சுக்கலை இங்கே பெரும்பாலும் மிஷனரிமாரின் கையில் இருந்த காலம் அது. அது காரணமாக அவர் அச்சினை வெறுத்து ஒதுக்கவில்லை. தம் பிள்ளைகளுக்கு வேண்டிய பாலபாடங்களைத் தாமே இயற்றி அச்சிட்டார். கருவி புதிது என்பதற்காக அஞ்சாது, அதில் எதனை ஏற்றுவது என்பதைத் தாமே தீர்மானித்தார்.

மற்றொரு காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அன்று யான் சிறுவன். 2005ஆம் ஆண்டில் எம்மவர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் எண்ணிம நூலகத்திலே இன்று ஈழத்து நூல்களும் சஞ்சிகைகளும் பத்திரிகைகளும் ஆயிரக்கணக்கிற் படிக்கக் கிடைக்கின்றன. எம் கல்லூரியில் இல்லாத பழைய சஞ்சிகையொன்றைப் பிள்ளையொருவன் ஐந்து நிமிடத்தில் திறந்து என்முன் வைத்தபோது, சிறிது நேரம் என்னாற் பேச முடியவில்லை. அக்கதவைப் பூட்டிவைக்க எனக்கு என்ன உரிமை?

ஆடும் ஆவும்

ஆயினும், கருவியைக் கையிற் கொடுத்துவிட்டால் அறிவு தானே வளருமென்று கூறுவோரையும் யான் உடன்பட மாட்டேன். 81 நாடுகளும் பொருளாதாரப் பகுதிகளும் பங்குகொண்ட 2022ஆம் ஆண்டின் ‘பீசா’ கணிப்பிலே, பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்தி அமைப்பைச் சேர்ந்த நாடுகளின் மாணாக்கரில் சராசரியாக 65 சதவீதத்தினர், கணித பாடவேளைகள் சிலவற்றிலேனும் இத்தகைய கருவிகளால் தம் கவனம் சிதறியதாகக் கூறினர். அடுத்திருப்பவர் கருவியைப் பயன்படுத்துவதாலேயே தம் கவனம் சிதறியதென்றோர் 59 சதவீதத்தினர். இரண்டாவது எண்ணை ஆசிரியர்கள் ஊன்றி நோக்குதல் வேண்டும். தான் தவறு செய்யாதவனும் அயலவன் தவற்றால் இழக்கின்றான். நம் நாடு அக்கணிப்பிற் பங்குகொள்ளவில்லை. எனினும் எம் பிள்ளைகளின் இயல்பு வேறாக இராது.

அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சல்ஸ் நகரிலே 2013ஆம் ஆண்டு பாடசாலைகளுக்குக் கைக்கணினிகளை வழங்கத் தொடங்கினர். விலக்கப்பட்ட தளங்களுக்குச் செல்லாதபடி தடையும் அமைத்திருந்தனர். சில நாட்களுக்குள்ளேயே நூற்றுக்கணக்கான மாணாக்கர் அத்தடையைக் கடக்கும் வழியைக் கண்டுகொண்டனர். இயந்திரத்திற் பூட்டும் பூட்டை மட்டும் நம்புதல் போதாதென்பதற்கு இது சான்று. கல்வியிற் சிறந்ததென்று பலரும் போற்றும் சுவீடன் நாடும் அச்சுநூல்களை வகுப்பறைக்கு மீண்டும் கொணரும்பொருட்டு 2023ஆம் ஆண்டில் நிதி ஒதுக்கியது.

நன்னூலார் மாணாக்கரின் இயல்புகளை உவமை காட்டி வகுத்தமையை யாவரும் அறிவர். ஆட்டினை அவர் கடைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். தழை நிறைந்த செடி முன்னே நின்றாலும், அதில் வயிறு நிறைய மேயாது செடிதோறும் சென்று நுனி கடிப்பது அதன் இயல்பு. பசுவினைத் தலைமாணாக்கனுக்கு உவமையாக்கினார். நல்ல புல்லைக் கண்டவிடத்து வயிறார மேய்ந்து, பின் ஓரிடத்திற் கிடந்து அசைபோடுவது பசு. கைக்கணினி தன்னியல்பிலே எல்லோரையும் ஆடாக்க வல்லது. ஒரு பக்கத்தை முடிக்குமுன் அடுத்த பக்கம் அழைக்கும். ஆசிரியர் செய்யவேண்டியது, மேய்ந்தபின் அசைபோடுவதற்கு ஒரு வேளையை ஒதுக்கிக் கொடுப்பதே. மேயும் வேளையிற் கருவி திறந்திருக்கலாம். அசைபோடும் வேளையில் அது மூடியிருத்தல் வேண்டும்.

அவிழ்ப்பதும் கட்டுவதும்

ஏட்டுச்சுவடியைக் கயிற்றாற் சுற்றிக் கட்டிவைப்பது முன்னோர் வழக்கம். ஓதும்போது அவிழ்ப்பர், ஓதி முடிந்ததும் சட்டங்களுக்கிடையே வைத்துக் கட்டுவர். கைக்கணினிக்குக் கயிறு இல்லை. ஆகவே நாமே ஒரு கயிறு திரித்தோம். யான் மட்டும் இருந்து எழுதவில்லை. வகுப்புப் பிள்ளைகளையும் கூட்டி, இரண்டு பாடவேளை கலந்துபேசி எழுதினோம்.

முதலாவது: ஆசிரியரோ மாணாக்கர் ஒருவரோ வகுப்புக்குப் பேசும்போது கருவிகள் யாவும் மேசைமேற் கவிழ்ந்திருக்கும். “கவிழுங்கோ” என்ற ஒரு சொல்லே போதும். அகராதி பார்க்கவேண்டியவர் கையுயர்த்திச் சொல்லிவிட்டுப் பார்க்கலாம். அம்மாணாக்கிக்கு நேர்ந்தது மற்றொருவருக்கு நேராதிருக்கும்பொருட்டே இதனைச் சேர்த்தோம்.

இரண்டாவது: திறக்குமுன் எதைத் தேடுகிறோம், எங்கே தேடுகிறோம், எத்தனை நிமிடம் என்பவற்றைக் கரும்பலகையில் எழுதிவிடுவேன். நோக்கமின்றித் திறக்கும் வழக்கமில்லை. நாற்பது நிமிடப் பாடத்திற் பதினைந்து நிமிடத்துக்கு மேல் திறந்திருப்பது அரிது.

மூன்றாவது: இருவருக்கு ஒரு கருவி. எம் வகுப்பில் முப்பத்தெட்டுப் பேர், கருவிகளோ இருபது. குறையென்று கருதிய இதுவே நன்மையாயிற்று. ஒருவர் தேட, மற்றவர் எழுதுவார்; பின் மாறிக்கொள்வர். பக்கத்தில் ஒரு சாட்சி இருக்கும்போது வழி தவறுவது குறைவு. அதனினும் மேலாக, இருவரும் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொள்கின்றனர்.

நான்காவது: கண்டதைக் கையால் கொப்பியில் எழுதுதல் வேண்டும், அதுவும் தன் சொல்லில். பரீட்சை மண்டபத்திற் பேனாவையன்றி வேறு துணை இல்லை.

ஐந்தாவது: கல்லூரிக் கருவியையன்றி வீட்டிலிருந்து கொணர்ந்ததை வகுப்பிற் பயன்படுத்தலாகாது. 2020ஆம் ஆண்டு பங்குனியிற் பாடசாலைகள் மூடப்பட்ட பின், ஒரே கைத்தொலைபேசிக்கு மூன்று பிள்ளைகள் முறைவைத்துக் காத்திருந்த வீடுகளை யான் அறிவேன். வீட்டிலுள்ள ஏற்றத்தாழ்வை வகுப்பறை மேசையில் அடுக்கிக் காட்டலாகாது.

ஆறாவது விதியைப் பிள்ளைகளே முன்மொழிந்தனர்: பாடவேளையில் ஆசிரியரும் தம் கைத்தொலைபேசியை எடுத்தலாகாது. அதனை எழுதிய பிள்ளை என்னைப் பாராமலே எழுதினாள். யான் கையொப்பமிட்டேன். அன்றிலிருந்து என் தொலைபேசியும் என் மேசையிற் கவிழ்ந்தே கிடக்கிறது.

விதியை மீறியவருக்கு ஏச்சில்லை. அன்றைய பாடத்தை அச்சுநூலைக் கொண்டு படிக்கவேண்டும், அவ்வளவே. அச்சுநூலைத் தண்டனையாக்கலாமா என்று சக ஆசிரியர் ஒருவர் கேட்டார். அவர் கேட்டது நியாயமே. அதனால் இப்போது கிழமையில் ஒரு நாள் எல்லோருமே அச்சுநூலைக் கொண்டு படிக்கிறோம்.

இவ்விதிகளோடு ஆசிரியரும் ஒன்றைக் கைக்கொள்ள வேண்டும்: கதிரையை விட்டு எழுதல். வகுப்பினூடே நடக்கும் ஆசிரியரை எந்தப் பூட்டும் ஈடுசெய்யாது. மின்சாரம் நின்றாலும் பாடம் நில்லாதபடி ஆயத்தமாய் வருதலும் அவர் கடன். 2022ஆம் ஆண்டு பங்குனியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டைக் கண்டோம். அதற்கும் முன்னர், தொண்ணூறுகளில், ஜாம் போத்தல் விளக்கொளியிற் படித்தே யான் பண்டித பரீட்சைக்கு ஆயத்தமானேன். அவ்விருளைப் பெருமையாகப் பேச யான் விரும்பவில்லை. எம் பிள்ளைகளுக்கு அது மீண்டும் வரவேண்டாம். ஆனால் பாடம் ஆசிரியரிடத்தில் இருத்தல் வேண்டும், மின்கலத்தில் அன்று.

2017ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டத்தில் உயர்தர வகுப்பு மாணாக்கர்க்கு இக்கருவிகளை இலவசமாக வழங்கும் முன்மொழிவு வந்தது. அப்போது யான் கேட்ட பேச்செல்லாம் எத்தனை கருவி, என்ன விலை என்பதாகவே இருந்தது. அவற்றை வகுப்பில் எங்ஙனம் ஆள்வது என்று என்னிடம் எவரும் கேட்டிலர். யானும் எவரிடமும் கேட்டிலேன். இனிக் கருவி வழங்க முன்வரும் அரசினரும் அன்பர்களும், ஆசிரியருக்குப் பயிற்சியையும் பள்ளிக்குத் தன் விதியைத் தானே வகுக்கும் அவகாசத்தையும் உடன் வழங்குவாராக. பள்ளிகளும், விதியை வகுக்கும்போது மாணாக்கரையும் அருகிருத்துக. அவர்கள் சேர்ந்து எழுதிய விதியை அவர்களே காப்பர்.

அம்மாணாக்கி இரண்டு மாதத்தின் பின் ஒரு நாள் வகுப்பிற் கையுயர்த்தினாள். “ஐயா, ஒரு சொல் பார்க்கவேணும்” என்றாள். “பார், பிள்ளை” என்றேன். கவிழ்ந்திருந்த கருவியை நிமிர்த்திப் பார்த்தாள். பொருளைக் கொப்பியில் எழுதினாள். மீண்டும் கவிழ்த்துவிட்டு என் முகத்தை நோக்கினாள். யான் பாடத்தைத் தொடர்ந்தேன்.