மூடியைக் கழற்றாமல் விலை பேசாதீர்கள்

சென்னை புதுப்பேட்டை உதிரிபாகக் கடைகளில் பழைய புல்லட் கியர் பாக்ஸைக் கையில் எடுத்தாலே போதும், "ஒரிஜினல் இங்கிலாந்து சரக்கு சார்" என்று விலை ஏறிவிடும். பர்மிங்காம் ஆல்பியன் கம்பெனியின் அந்த நாலு கியர் வடிவத்தை, 1955-இல் தொடங்கிய என்ஃபீல்டு இந்தியா, திருவொற்றியூரில் இந்த நூற்றாண்டு வரை செய்துகொண்டிருந்தது. ஆகவே உருவத்தை மட்டும் வைத்து ஊரைச் சொல்ல முடியாது. எஞ்சின் பின்னால் போல்ட்டில் இறுகும் தனிக்கூடு, வலப்பக்கக் கியர் லிவர், கூடவே நியூட்ரலுக்கென்றே குதிகாலால் மிதிக்கும் குட்டி லிவர்: அந்த வடிவத்துக்கு இவ்வளவுதான் அடையாளம். மதிப்பு உள்ளே இருக்கிறது. மூடியைக் கழற்றச் சொல்லுங்கள். மறுத்தால் நடையைக் கட்டுங்கள். பல்சக்கரங்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் பக்கவாட்டுப் பற்களின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். மழுங்கியிருந்தால் ஓடும்போதே கியர் நழுவும். கிக்கர் ராட்செட்டின் தேய்மானம், மெயின் ஷாஃப்ட்டின் ஆட்டம், கூட்டில் வெல்டிங் தழும்பு எல்லாம் பேரத்துக்கு உதவும். எண்ணெய்க் கசிவு உதவாது. கசியாத பெட்டி என்றால்தான் எனக்குச் சந்தேகம் வரும், உள்ளே எண்ணெய் இருக்கிறதா என்று. மேலே போட்ட பாலிஷுக்கு நான் ஒரு பைசா கூடுதலாகத் தரமாட்டேன்.