முதலில் சாம்பலை அள்ளுங்கள்

எண்ணூர் அனல்மின் நிலையத்தின் 660 மெகாவாட் விரிவாக்கத்துக்காக 2024 டிசம்பரில் மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடந்தது. இங்கே இன்னொரு உலை வேண்டாம் என்று அந்தப் பகுதி மக்கள் அங்கே சொன்னார்கள். அவர்கள் கேட்பது நியாயம். தமிழக அரசு இந்தத் திட்டத்தை ஒத்திப்போடாமல் அடியோடு கைவிட வேண்டும்.

வட சென்னை மக்கள் மின்சாரத்துக்குக் கொடுத்த விலை கொஞ்சநஞ்சமல்ல. 1970இல் உற்பத்தியைத் தொடங்கிய எண்ணூரின் பழைய நிலையம் 2017இல் மூடப்பட்டது. அதற்குள் வட சென்னை அனல்மின் நிலையத்தில் 630 மெகாவாட்டும் பின்னர் 1,200 மெகாவாட்டும், வல்லூரில் 1,500 மெகாவாட்டும் வந்துவிட்டன. 2024 மார்ச்சில் மேலும் 800 மெகாவாட் அலகு திறக்கப்பட்டது. சிறப்புப் பொருளாதார மண்டலத் திட்டம் என்ற பெயரில் இன்னும் 1,320 மெகாவாட்டுக்குக் கட்டுமானம் எழுந்திருக்கிறது. இத்தனையும் ஒரே கழிமுகத்தைச் சுற்றி. ஒவ்வொரு திட்டத்துக்கும் தனித்தனியே அனுமதி வாங்கினார்கள். எல்லாம் சேர்ந்து ஓர் ஊரை என்ன செய்யும் என்று மொத்தமாகக் கணக்குப் பார்க்க யாரும் முன்வரவில்லை.

நம் நாட்டு நிலக்கரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சாம்பல்தான். 660 மெகாவாட் அலகு ஒன்று முழுத் திறனில் ஓடினால் நாளொன்றுக்குச் சுமார் 9,000 டன் நிலக்கரி எரியும். அப்படியானால் தினமும் 3,000 டன் அளவுக்குச் சாம்பலுக்கு இடம் தேட வேண்டும். சிமென்ட் ஆலைகளும் ஃப்ளை ஆஷ் கல் தயாரிப்போரும் எடுத்தது போக எஞ்சுவதைக் கடல்நீரில் குழம்பாகக் கரைத்து, கொசஸ்தலை ஆற்றைக் கடந்து செல்லும் குழாய்கள் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவதுதான் வட சென்னை நிலையத்தின் வழக்கம். அந்தக் குழாய்கள் துருப்பிடித்து வெடித்து, சாம்பல் நேராக ஆற்றில் கொட்டியது ஒருமுறை இருமுறை அல்ல, ஆண்டுக்கணக்கில். ஈரச் சிமென்ட் போல அது அடியில் படிந்து இறுகுகிறது. வெள்ளம் வந்தாலும் முழுதாகப் போவதில்லை.

காட்டுக்குப்பத்திலும் முகத்துவாரக்குப்பத்திலும் இதை யாரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை. முன்பு படகு மிதந்த இடங்களில் இப்போது இறங்கி நடக்கலாம். வலையை இழுத்தால் இறாலைவிடச் சாம்பல் சேறுதான் அதிகம். நிலையங்கள் திருப்பிவிடும் சூடான நீர் வேறு மீன்குஞ்சுகளை விரட்டுகிறது. படகும் வலையும் வாங்க வசதியில்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் கையால் தடவி இறால் பிடித்துப் பிழைக்கும் குடும்பங்கள் இங்கே உண்டு. அவர்களுக்கு ஆற்றின் அடிமண்தான் வயல். பாடு இல்லாத நாட்களுக்கு அவர்கள் யாரிடம் இழப்பீடு கேட்பது? போதாக்குறைக்கு 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் அதே முகத்துவாரத்தில் வந்து சேர்ந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அமோனியா வாயுவும் கசிந்தது.

செப்பாக்கத்தின் நிலை இன்னும் கொடியது. சாம்பல் குளத்தை ஒட்டியே வீடுகள். காற்று வீசினால் காயப்போட்ட துணியிலும் மூடாத சோற்றுப் பானையிலும் சாம்பல் படிகிறது. குளத்தின் உப்பு நிலத்தடி நீரிலும் இறங்கியிருக்கிறது. மாற்று இடம் தருவதாகப் பேச்சு பல ஆண்டுகளாக நடக்கிறது. பேச்சிலேயே ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது.

சட்டம் இல்லாமல் இல்லை. மீனவர் ஒருவர் தொடுத்த வழக்கில் 2022 ஜூலையில் தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, இந்த மாசுக்கு மின்வாரியமே பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. 2024இல் வாரியம் பிரிக்கப்பட்டு மின் உற்பத்திக்கெனத் தனி நிறுவனம் வந்தது. நிறுவனத்தின் பெயர்ப்பலகை மாறியதால் பழைய பொறுப்பு தீர்ந்துவிடாது. கந்தக டை ஆக்சைடைக் கட்டுப்படுத்த ஒன்றிய அரசு 2015இல் வகுத்த விதி, கெடு மேல் கெடுவாகத் தள்ளிப்போய், 2025இல் நாட்டின் பெரும்பாலான நிலையங்களுக்கு விலக்காகவே முடிந்தது. இப்படிப்பட்ட நாட்டில் 'புதிய அலகு விதிகளின்படி நடக்கும்' என்று அதிகாரிகள் உறுதியளித்தால் இந்தப் பகுதி மக்கள் எதை வைத்து நம்புவார்கள்?

மின்சாரம் வேண்டாமா என்ற கேள்வி எழும். வேண்டும்தான். 2024 மே 2 அன்று தமிழகத்தின் மின்தேவை 20,830 மெகாவாட்டைத் தொட்டது. தேவை இன்னும் ஏறும். ஓடிக்கொண்டிருக்கும் நிலையங்களை நாளையே மூடச் சொல்லி இங்கே யாரும் கேட்கவில்லை. ஆனால் காற்றாலையும் சூரிய ஒளியும் சேர்ந்து 20,000 மெகாவாட்டுக்கு மேல் நிறுவிவிட்ட மாநிலம் இது. நமக்குக் குறைவாக இருப்பது பகலில் கிடைப்பதை இரவுக்குச் சேமிக்கும் வசதி. நீலகிரியில் 500 மெகாவாட் குந்தா நீரேற்று மின் திட்டம் பல ஆண்டுத் தாமதத்தில் கிடந்தது. எண்ணூரில் கொட்டவிருக்கும் பணத்தை அதுபோன்ற திட்டங்களிலும் மின்கல சேமிப்பிலும் போடுவதே புத்திசாலித்தனம். வேலைவாய்ப்பு என்ற வாதமும் வலுவற்றது. இந்த ஊர் இளைஞர்களுக்குக் கிடைத்த வேலைகளில் பெரும்பகுதி ஒப்பந்தக் கூலிதான் என்பதை அவர்கள் வீட்டிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இது மீனவர் பிரச்சினை மட்டும் என்று மற்றவர்கள் நினைக்கவும் இடமில்லை. கொசஸ்தலையின் பெருவெள்ளம் கடலில் கலக்கும் வாய் எண்ணூர் முகத்துவாரம். அது தூர்ந்தால் மணலியும் திருவொற்றியூரும் மூழ்கும்.

விரிவாக்கத்தைக் கைவிடும் அறிவிப்போடு அரசு செய்ய வேண்டியவை உண்டு. கசியும் குழாய்களை முழுவதுமாக மாற்றும்வரை ஆற்றைக் கடந்து சாம்பல் குழம்பை அனுப்பக் கூடாது. ஆற்றில் படிந்ததை அள்ளும் வேலைக்குத் தேதி குறித்து, அள்ளிய அளவை மீனவ கிராமங்களின் பிரதிநிதிகள் முன்னிலையில் அளந்து மாதந்தோறும் வெளியிட வேண்டும். செப்பாக்கம் மக்கள் எங்கே குடியேற விரும்புகிறார்கள் என்பதை அவர்களிடமே கேட்டு, வீட்டுக்கும் நிலத்துக்கும் உரிய தொகையை இந்த நிதியாண்டிலேயே ஒதுக்க வேண்டும்.