டாங்கிள் விற்குமுன் அலைவரிசையைப் பாருங்கள்

நம் பகுதியில் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் உரிமையாளர்கள் பலர் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். விளக்கையும் மோட்டாரையும் அங்கிருந்தே இயக்கவும், கதவு திறந்தால் தெரிந்துகொள்ளவும் வழி கேட்டு எலெக்ட்ரிகல் கடைகளுக்கு வருகிறார்கள். வீட்டில் வைக்கும் சிறு கம்ப்யூட்டரையும் ஸ்விட்சுகள், சென்சார்களையும் கம்பியில்லாமல் இணைப்பது யு.எஸ்.பி. ரேடியோ டாங்கிள். இதை விலை மட்டும் பார்த்து வாங்கி அடுக்குவது வியாபாரிக்கு ஆபத்து என்பது என் கருத்து.

இசட்-வேவ் டாங்கிளை எடுத்துக்கொள்வோம். பெயரும் தோற்றமும் ஒன்றே. ஆனால் அமெரிக்காவுக்கு 908.42, ஐரோப்பாவுக்கு 868.42, இந்தியாவுக்கு 865.2 மெகாஹெர்ட்ஸ். இங்கே உரிமம் வேண்டாத அலைவரிசை 865 முதல் 867 வரை இருந்தது. 2021-ல் 868 வரை நீட்டினார்கள். ஐரோப்பியச் சரக்கு மயிரிழையில் வெளியே நிற்கிறது. அமெரிக்கச் சரக்கோ செல்போன் கம்பெனிகள் பணம் கட்டி வாங்கிய 900 வரிசைக்குள்ளேயே பேசுகிறது! மருமகன் பெட்டியில் வந்த டாங்கிளுக்கு இங்கே ஸ்விட்ச் கேட்டு வருபவரிடம் இதைச் சொல்லிவிடுவது நல்லது. மொத்த வியாபாரியிடம் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் ஈ.டி.ஏ. சான்று நகல் கேளுங்கள். தயங்கினால் கொள்முதல் வேண்டாம்.

433 மெகாஹெர்ட்ஸ் சாதனங்கள் மலிவு. ஆனால் பல ஸ்விட்சுகள் கட்டளையைக் கேட்குமே தவிர, பதில் சொல்லாது. மோட்டார் நின்றதா என்று சிங்கப்பூரில் இருப்பவருக்கு எப்படித் தெரியும்?

என் ஓட்டு ஜிக்பீக்கே. 2.4 கிகாஹெர்ட்ஸ் எல்லா நாட்டிலும் பொது. ஆனால் கனமான சுவர்களைத் தாண்ட அது திணறும். மின்சாரத்தில் ஓடும் ஜிக்பீ சாதனங்கள் பெரும்பாலும் செய்தியை அடுத்ததற்குக் கடத்தும். பேட்டரி சென்சார் கடத்தாது. முகப்பில் டாங்கிள், இரண்டாம் கட்டில் மோட்டார் என்றால் நடுவே வளவில் ஒரு ஸ்விட்சோ பிளக்கோ அவசியம். இதைச் சொல்லாமல் விற்றால் மறுவாரமே சரக்கு திரும்பி வரும்.

கூடவே ஒரு யு.எஸ்.பி. நீட்டிப்பு ஒயரும் கொடுங்கள். யு.எஸ்.பி. 3.0 துளைகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் எழுப்புவதை 2012-லேயே இன்டெல் கம்பெனி எழுதி வெளியிட்டது. டாங்கிளைக் கம்ப்யூட்டரிலிருந்து இரண்டடி தள்ளி வைத்தால், வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பல வராது.