வாடகை வீட்டு மின் கட்டணம்: யாரும் கேட்காத அநியாயம்

புதிய வாடகை வீட்டுக்குக் குடிபோகும் குடும்பம் முன்பணம், வாடகை, வண்டிக் கூலி, பிள்ளைகளின் பள்ளிச் செலவு என எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் போகிறது. அந்தக் கணக்கைக் குலைத்துப் போடுவது, குடிபோய் இரண்டு மாதம் கழித்து வரும் மின் கட்டணம். பழைய வீட்டில் இருந்த அதே மின்விசிறிகள், அதே குளிர்பதனப் பெட்டி, அதே பழக்கவழக்கம். ஆனால் கட்டணம் மட்டும் மூன்று மடங்கு, ஐந்து மடங்கு. ஏன் என்று கேட்டால், "நீங்கள் எரித்ததற்குத்தானே கேட்கிறோம்" என்பதே பதில். பெரும்பாலானோர் அதற்கு மேல் கேட்பதில்லை. கேட்டால் வீட்டைக் காலி செய்யச் சொல்வார்களோ என்ற பயம் அவர்களின் வாயை அடைக்கிறது.

இது ஒரு வீட்டுக்காரருக்கும் ஒரு குடித்தனக்காரருக்கும் இடையிலான சில்லறைத் தகராறு அல்ல. அரசு மக்களுக்குத் தரும் மின் மானியம், அது மிகவும் தேவைப்படும் குடும்பங்களைச் சேராமல் வழியிலேயே நின்றுபோகிறது என்பதே இதன் பொருள்.

தமிழ்நாட்டில் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங் எடுக்கப்படுகிறது. 2016 மே மாதம் முதல் ஒவ்வொரு வீட்டு இணைப்புக்கும் முதல் 100 யூனிட் இலவசம். 2024 ஜூலையில் திருத்தப்பட்ட கட்டணத்தில், அரசின் மானியம் போக, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.35 ரூபாய், 400 வரை 4.70 ரூபாய், 500 வரை 6.30 ரூபாய். 500ஐத் தாண்டிவிட்டால் அந்த 2.35 ரூபாய்ச் சலுகையும் போய், 101இலிருந்து 400 வரை முழுவதும் 4.70 ரூபாய் கணக்காகும். 500க்கு மேல் 600 வரை 8.40, 800 வரை 9.45, 1000 வரை 10.50, அதையும் தாண்டினால் 11.55 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,805 ரூபாய் கட்டும் வீடு, வெறும் பத்து யூனிட் கூடினால் 2,124 ரூபாய் கட்ட வேண்டும்.

குறைவாகப் பயன்படுத்துவோரைக் காப்பதற்காகவே கட்டணம் இப்படிப் படிப்படியாக அமைக்கப்பட்டது. ஆனால் இந்தப் படிகள் குடும்பத்தைப் பார்ப்பதில்லை. இணைப்பை மட்டுமே பார்க்கின்றன. வாடகைக்குக் குடியிருப்போர் சிக்கிக்கொள்வது இங்கேதான்.

நான்கு குடும்பங்கள் வசிக்கும் ஒரு காம்பவுண்டை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு குடும்பமும் இரண்டு மாதத்தில் 200 யூனிட் பயன்படுத்துகிறது. நான்குக்கும் தனித்தனி இணைப்பு இருந்தால் ஒவ்வொருவரும் கட்ட வேண்டியது 235 ரூபாய். ஒரே இணைப்பில் சப் மீட்டர் வைத்துப் பிரித்திருந்தால், மின் பகிர்மானக் கழகத்தின் கணக்கில் அது 800 யூனிட் எரித்த ஒற்றை வீடு. கட்டணம் 4,770 ரூபாய். நான்காகப் பிரித்தால் தலைக்கு 1,192 ரூபாய் 50 காசு. யாரும் ஒரு யூனிட்கூட அதிகம் எரிக்கவில்லை. யாரும் யாரையும் ஏமாற்றக்கூட இல்லை. அப்படியும் ஒரு தொழிலாளிக் குடும்பம் ஐந்து மடங்கு கட்டுகிறது. நான்கு குடும்பங்களுக்குச் சேர வேண்டிய 400 இலவச யூனிட்டில் 300 யூனிட் யாருக்கும் கிடைக்காமல் போகிறது.

இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. "யூனிட்டுக்குப் பத்து ரூபாய்" என்று வீட்டுக்காரர் ஒரே விலையாகச் சொல்லிவிடுகிறார். மேலே சொன்ன காம்பவுண்டில் அப்படி வசூலித்தால் கையில் சேர்வது 8,000 ரூபாய். கழகத்துக்குக் கட்டுவது 4,770. மீதி 3,230 ரூபாய் எந்தக் கணக்கிலும் வராத வருமானம். தனித்தனி இணைப்பு இருந்தும் இதே விலையை வசூலித்தால் நிலைமை இன்னும் மோசம்: 235 ரூபாய் கட்டவேண்டிய குடும்பம் 2,000 ரூபாய் கட்டுகிறது. சென்னைப் புறநகரின் ஒற்றை அறை வீடுகளிலும், திருப்பூரின் லைன் வீடுகளிலும், ஓசூரில் ஆலைத் தொழிலாளர் தங்கும் அறைகளிலும் வசிப்பவர்களுக்கு இந்த வசூல் புதிதல்ல. உரிமம் இல்லாத எவரும் மின்சாரத்தை வாங்கி விற்கும் வணிகத்தில் ஈடுபடக் கூடாது என்கிறது 2003ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம். வாங்கியதைவிடக் கூடுதல் விலைக்கு மின்சாரத்தைக் கொடுத்து லாபம் பார்ப்பது அந்தச் சட்டத்தின் நோக்கத்துக்கே எதிரானது.

வீட்டுக்காரர்கள் எல்லோரும் இப்படிச் செய்பவர்கள் அல்லர். வாடகையை மட்டுமே நம்பி வாழும் முதியவர்கள் பலர். பொது மோட்டார், மாடிப்படி விளக்கு ஆகியவற்றின் செலவு அவர்கள் தலையில்தான் விழுகிறது. ஒரே இணைப்பில் எல்லாம் ஓடும்போது எந்த விலை நியாயம் என்பது அவர்களுக்கே தெரியாமலும் இருக்கலாம். அப்படியானால் உண்மையான பில்லைக் காட்டி, உள்ளபடி பிரித்து வாங்குவதில் என்ன தடை? பில்லைக் காட்ட மறுக்கும் இடத்தில்தான் சந்தேகம் பிறக்கிறது.

கட்டணம் உயர வேறு காரணங்களும் உண்டு. முன்பு கடையாக இருந்த பகுதி வீடாக மாறியிருக்கும்; இணைப்பு மட்டும் வணிகக் கட்டணத்திலேயே தொடரும். புதிதாகக் கட்டிய வீடுகளில் கட்டுமானத்துக்கு வாங்கிய தற்காலிக இணைப்பிலேயே குடிவைத்துவிடுகிறார்கள். இரண்டிலும் இலவச 100 யூனிட் கிடையாது, விலையும் அதிகம். இன்னொன்று, கணக்கீட்டுக்கு நடுவில் வீடு மாறுவது. முன்பு இருந்தவர் 300 யூனிட் எரித்துவிட்டுப் போயிருக்க, நீங்கள் 250 யூனிட் பயன்படுத்தினால் 550 யூனிட்டுக்கான 2,460 ரூபாய் பில் உங்கள் கைக்கு வரும். உங்கள் 250 யூனிட்டுக்குத் தனியாகக் கணக்கிட்டால் அது 470 ரூபாய்தான். அவர் கட்டாமல் விட்ட பாக்கி இருந்தால் அதற்காக மின்சாரம் துண்டிக்கப்படுவதும் நீங்கள் குடியிருக்கும் வீட்டில்தான்.

பயன்பாடே கூடியிருக்கவும் வாய்ப்புண்டு என்பதை மறுக்க முடியாது. ஒன்றரை டன் ஏ.சி. மணிக்கு ஒரு யூனிட் இழுத்தாலே, இரவு எட்டு மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் 480 யூனிட். ஆனால் இதை ஊகத்துக்கு விட வேண்டியதில்லை. வீட்டு மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு மீட்டரைப் பாருங்கள். யூனிட்டைக் கணக்கிடும் சிறு விளக்கு அப்போதும் விட்டுவிட்டு எரிந்தால், உங்கள் மீட்டரிலிருந்து வேறெங்கோ மின்சாரம் போகிறது. அது பொது மோட்டாராக இருக்கலாம், பக்கத்து வீடாக இருக்கலாம், வயரிங் கசிவாகவும் இருக்கலாம். கசிவு என்றால் பணம் மட்டுமல்ல, உயிரும் ஆபத்தில் இருக்கிறது. அன்றே எலக்ட்ரீஷியனை அழைக்க வேண்டும்.

இத்தனைக்கும் வேர் ஒன்றே. கட்டணம் கட்டுபவர் குடியிருப்பவர். கழகத்தின் பதிவில் நுகர்வோராக இருப்பவரோ வீட்டுக்காரர். ரீடிங் எடுத்ததும் குறுஞ்செய்தி போவது வீட்டுக்காரரின் கைபேசிக்கு. அசல் பில்லைப் பார்க்கக்கூட வழியில்லாதவர், பில் தவறு என்று எப்படி நிறுவுவார்?

2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டம், குடியிருப்பவருக்கு மின்சாரத்தையும் தண்ணீரையும் வீட்டுக்காரர் நிறுத்தக் கூடாது என்கிறது. மீறினால் வாடகை அதிகாரியிடம் முறையிடலாம். நல்ல பாதுகாப்புதான். ஆனால் மின்சாரத்தை நிறுத்தாமலே அநியாய விலை கேட்பவரை இந்தப் பாதுகாப்பு தொடுவதில்லை.

ஆகவே அரசும் மின் பகிர்மானக் கழகமும் உடனே செய்யவேண்டியவை சில உண்டு. வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்யும்போதே மின் இணைப்பு எண், கட்டண வகை, குடியேறும் நாளின் ரீடிங், மின் கட்டணம் வசூலிக்கப்படும் முறை ஆகியவை கட்டாயமாகக் குறிக்கப்பட வேண்டும். கழகத்தின் பில்லுக்கு மேல் ஒரு ரூபாய் வசூலித்தாலும் குற்றம் என்று தெளிவான விதி வர வேண்டும். ஒரே இணைப்பில் பல குடும்பங்கள் வாழும் கட்டடங்களைக் கணக்கெடுத்து, தனித்தனி இணைப்புக்கான வைப்புத்தொகையைத் தவணையில் செலுத்த வழிசெய்ய வேண்டும். குடியிருப்பவரின் கைபேசி எண்ணையும் இணைப்போடு சேர்க்க வேண்டும். வீடு கைமாறும் நாளில் ரீடிங் எடுத்து அதுவரையிலான கணக்கை முடித்துத் தரும் வசதியும் தேவை. இவற்றில் எதற்கும் பெரிய நிதி தேவையில்லை. மனம் மட்டுமே தேவை.

குடிபோகும் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. முன்பணம் கொடுக்கும் முன் கடைசி பில்லைக் கேளுங்கள். சாவி வாங்கும் நாளில் மீட்டரைப் படம் எடுத்து வீட்டுக்காரருக்கும் அனுப்புங்கள். யூனிட் விலையை எழுத்தில் வாங்குங்கள். கட்டணம் தவறென்று தோன்றினால் மின் நுகர்வோர் சேவை மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணில் புகார் செய்யுங்கள். தீராவிட்டால் மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றமும், அதற்கு மேல் மின்குறை தீர்ப்பாளரும் இருக்கிறார்கள்.

இலவச 100 யூனிட் சொந்த வீடு இருப்பவருக்கு மட்டும் அறிவிக்கப்பட்ட சலுகை அல்ல. வாடகைக்கு இருப்பவருக்கும் அதில் முழு உரிமை உண்டு. அந்த உரிமை அவர் வீட்டு மீட்டர்வரை வந்து சேர்வதை உறுதிசெய்வது அரசின் கடமை.