சிங்கப்பூர் நாலு மணி நேரம், எண்ணூர் எவ்வளவு நேரம்?

சென்னையிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று இணையத்தில் தேடினால் உடனே பதில் வந்துவிடும். ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், விமானத்தில் நாலு மணி நேரம். கணக்கு சரிதான். ஆனால் அது மீனம்பாக்கத்துக்கும் சாங்கிக்கும் நடுவில் உள்ள கணக்கு. விமான நிலையத்துக்குள்ளே யாரும் குடியிருப்பதில்லையே!

எண்ணூரில் இருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் ஒரு வெல்டரை எடுத்துக்கொள்ளுங்கள். மீனம்பாக்கம் போகவே சாலை வழியே 35 கிலோமீட்டருக்குக் குறையாது. எண்ணூர் விரைவுச் சாலை என்று பெயர், ஆனால் துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வரிசை கட்டிவிட்டால் விரைவாவது ஒன்றாவது. எப்போது கிளம்பினால் சரியாக இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. செக்-இன் கவுன்டரோ விமானம் கிளம்ப ஒரு மணி நேரம் இருக்கும்போதே மூடிவிடும். எனவே அவர் பயந்துகொண்டு பாதி நாள் முன்னாலேயே கிளம்புகிறார். விமானத்தில் நாலு மணி நேரம், அதில் ஏறுவதற்கு அதைவிட அதிகம். டிக்கெட் போனால் பணம் மட்டும் போகாது, சில சமயம் வேலையும் போகும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கப்பலில் போன காலத்தில் வடசென்னைக்குச் சிங்கப்பூர் பக்கத்து வாசல். எம்.வி. சிதம்பரம் என்ற கப்பல் 1985 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்துதான் புறப்பட்டது. போய்ச் சேர ஒரு வாரம் போல ஆகும், ஆனால் ராயபுரத்துக்காரர் ரிக்‌ஷாவில் போய்க் கப்பல் ஏறிவிடலாம். தென்னிந்தியாவின் முதல் ரயில் 1856ல் கிளம்பியதும் இதே ராயபுரத்திலிருந்துதான். நகரத்தின் வாசல் தெற்கே போனது விமானம் வந்த பிறகு.

மெட்ரோ வந்துவிட்டதே என்பீர்கள். உண்மை, அது பெரிய நன்மை. 2021 பிப்ரவரியில் விம்கோ நகர் வரை நீட்டினார்கள். வண்டி மாறாமல் சுமார் ஒரு மணி நேரத்தில் விமான நிலையம் போய்விடலாம். அதே மாதம் அதிகபட்சக் கட்டணமும் 70 ரூபாயிலிருந்து 50 ஆனது. ஆனால் மெட்ரோ ஓடுவது காலை 5 மணியிலிருந்து இரவு 11 வரை. காலை 6 மணி விமானத்துக்கு அதனால் பயனில்லை. இரவு பத்தரைக்கு இறங்கி, குடியேற்றச் சோதனை முடித்து, பெட்டிக்காக நிற்பவருக்கும் டாக்சிதான் கதி. வெளிநாட்டு விமானங்களில் பல இந்த நேரத்தில்தானே வந்து போகின்றன?

இரண்டாவது விமான நிலையத்துக்கு 2022ல் பரந்தூரை அறிவித்தார்கள். நிலம் போகும் ஏகனாபுரம் மக்களின் எதிர்ப்பு எல்லோருக்கும் தெரிந்தது. எண்ணூரின் கஷ்டத்தை அதோடு ஒப்பிட முடியாது. ஆனாலும் வரைபடத்தைப் பாருங்கள். எண்ணூரிலிருந்து மீனம்பாக்கம் நேர்கோட்டில் சுமார் 30 கிலோமீட்டர், பரந்தூரோ 60க்கு மேல்!

இரவெல்லாம் மெட்ரோ ஓட்டச் சொல்வது நியாயமில்லை, பாதையைப் பராமரிக்க அந்த நேரம் வேண்டும். ஆனால் மெட்ரோ நின்ற பிறகு, விமான நிலையத்திலிருந்து சென்ட்ரல், ராயபுரம், திருவொற்றியூர் வழியாக எண்ணூருக்கு மணிக்கு ஒரு பேருந்து, பெட்டி வைக்க இடத்தோடு, விடலாமே? அந்த நேரத்தில் சாலையும் காலியாக இருக்கும், லாரிக்காரர்கள் மனசு வைத்தால்.