பெயர் பறித்தவரும் எல்லை வரைந்தவரும்

இத்தாலியின் கீழை எல்லையில், சுலோவேனியாவை ஒட்டி நிற்பது கொரித்சியா நகர். இப்பெயர் சிலாவியர் மொழியினது என்பதை, 1001 ஆம் ஆண்டு பேரரசன் மூன்றாம் ஓத்தோ அளித்த கொடையாவணமே கூறுகின்றது. சிறுகுன்று என்பது பொருள். ஊர்க்குப் பெயரீந்த மொழியை அவ்வூரிலேயே நெரித்தனர், தமிழன்பரே! முதல் உலகப்போரின்பின் நகரைக் கொண்ட இத்தாலிய அரசு, 1923 முதல் பள்ளிகளினின்று சுலோவேனிய மொழியை அகற்றியது. 1927 இல் குடிப்பெயர்களையும் இத்தாலிய வடிவாக்க ஆணையிட்டது. முப்பதாண்டாய் நாள்தோறும் மாணவரைப் பெயர்சொல்லி அழைத்து வருபவன் யான். வீட்டில் ஒரு பெயரும் வகுப்பில் பிறிதொரு பெயருமாய் நின்ற அப்பிள்ளைகளை எண்ணுங்கால் நெஞ்சு பொறுக்கவில்லை.

1947 இல் எல்லை வந்தது. நகர் இத்தாலிக்கு, வடக்குத் தொடர்வண்டி நிலையம் யுகோசுலாவியாவுக்கு. அண்டையூராகிய மீரனின் இடுகாட்டையும் அக்கோடு அறுத்துச் சென்றது. இறந்தார்க்கும் நாடு பிரித்த மதியை என்னென்பது!

1950 ஆகசுட்டு 13, ஞாயிறு. உறவினரைக் காணும் வேட்கையால் யுகோசுலாவியப் பக்கம் திரண்ட மக்கள், காவலையும் மீறி நகருள் புகுந்தனர். உறவாடியபின் கடைகளுள் நுழைந்து துடைப்பங்களை வாங்கிச் சென்றனர். அவர்தம் பக்கத்தில் அதற்கும் தட்டுப்பாடு! துடைப்ப ஞாயிறு என்றே அந்நாள் பெயர் பெற்றது.

எல்லை வரைந்ததினும் பெயர் பறித்ததே பெருங்கொடுமை என்பேன். நிலையத்து முன்றிலின் வேலியை 2004 இல் அகற்றினர். இழந்த குடிப்பெயரையோ, அவரவரே அரசை வேண்டி மீட்கவேண்டியிருந்தது.